சத்திரத்துக்கு ஊர் தரும் பணத்தை எந்தக் கையில் வாங்குவது?

கடிதத்தின் சாரம்

காவிரிப் படுகையின் கடலோரச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் ஏழு பக்கக் கடிதமும் பதினோரு ஒளிப்படங்களும் அனுப்பியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

தை அமாவாசைக்கு வேதாரண்யத்தில் கடலாடக் கால்நடையாகப் போகிறவர்கள் தங்கிச் செல்வதற்காக, அவருடைய கொள்ளுத் தாத்தா குளக்கரையில் ஒரு சத்திரம் கட்டினார். வாசல் நிலைக்கு மேலே பதித்த கல்லில் ‘விஜய வருஷம் தை மாதம்’ என்று இருக்கிறது. அது 1894-ஆம் ஆண்டின் தொடக்கம் என்று அவரே கணக்கிட்டிருக்கிறார், கணக்கு சரிதான். இரு பக்கமும் திண்ணை, நடுவே முற்றம், மரத் தூண்கள், உத்தரங்களின் மேல் செங்கல்லையும் சுண்ணாம்பையும் இட்டு எழுப்பிய மெட்ராஸ் தளம் என்று அமைந்த அந்தக் கட்டடத்தில் ஒரு காலத்தில் திண்ணைப் பள்ளிக்கூடமும், பிறகு நெல் மூட்டைக் கிடங்கும் நடந்தன. இருபது ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. சென்ற மழையில் தென்மேற்கு மூலைத் தளம் இடிந்து விழுந்தது.

அதைச் சீர்செய்து, ஊரின் பழைய ஒளிப்படங்கள், உழவுக் கருவிகள், குடும்பத்தில் உள்ள ஓலைச்சுவடிகள், முதிய பெண்கள் பாடும் நடவுப் பாட்டுகளின் ஒலிப்பதிவு ஆகியவற்றை ஊராரும் வெளியூராரும் வந்து பார்க்கவும் கேட்கவுமான இடமாக மாற்ற வேண்டும் என்பது அவருடைய ஆசை. வாட்ஸ்அப் குழுவில் வேண்டுகோள் விடுத்ததில் அவருடைய சொந்த வங்கிக் கணக்குக்கு 3,40,000 ரூபாய் வந்து சேர்ந்திருக்கிறது. சிங்கப்பூர்க் குடிமகனாகிவிட்ட பள்ளித் தோழர் பதினைந்து லட்சம் தருவதாகச் சொல்கிறார். உறவினர் மகன் வேலை பார்க்கும் நிறுவனத்தில் சிஎஸ்ஆர் நிதி, அதாவது நிறுவனங்கள் சமூகப் பணிகளுக்கென்று ஒதுக்கும் பணம், கிடைக்கும் என்ற பேச்சும் இருக்கிறது. ஒப்பந்ததாரர் 38 லட்சத்துக்கு மதிப்பீடு கொடுத்திருக்கிறார்.

இதற்கிடையில், சென்னையில் இருக்கும் பங்காளி “குடும்பச் சொத்தில் ஊரை நுழைக்காதே” என்கிறார். ஊராட்சி உறுப்பினர் ஒருவர் “சத்திரம் என்றாலே சர்க்கார் சொத்துதான்” என்கிறார். தைப்பூச அன்னதானத்தோடு சம்பந்தப்பட்டதால் அறநிலையத் துறை எடுத்துக்கொள்ளும் என்று வேறொருவர் அச்சுறுத்துகிறார். போதாக்குறைக்கு, குளக்கரை ஓரத்தில் மண்ணை வெட்டியபோது கிடைத்த நான்கு செப்புக் காசுகளும் ஒரு சிறு விளக்கும் ஆசிரியரின் பீரோவில் இருக்கின்றன. கட்டடம் யாருடையது, வந்த பணத்தைப் புதிய அறக்கட்டளைக்கு மாற்றினால் போதுமா, தோழரின் பணத்தைத் தன் கணக்கிலேயே வாங்கலாமா, தொல்லியல் துறைக்குத் தெரிந்தால் கட்டடமே போய்விடுமா என்று நான்கு கேள்விகளை அவர் கேட்கிறார்.

மதிப்புக்குரிய ஐயா,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது, கடைசிப் பக்கத்தின் பின்புறத்தில் நீங்கள் பென்சிலால் எழுதியிருந்த சிறு குறிப்பு. கொள்ளுத் தாத்தா பதிவு செய்த தர்ம சாசனத்தின் நகலிலிருந்து நான்கு வரிகளை அங்கே எடுத்து எழுதியிருக்கிறீர்கள். யாத்ரீகர் தங்குவதற்குக் கட்டடம், அதன் மராமத்துக்கும் தைப்பூச அன்னதானத்துக்கும் மூன்று வேலி நஞ்சை, சந்ததியார் எவரும் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்ற தடை, மூத்த ஆண் வாரிசுகள் மேற்பார்வை பார்த்து வர வேண்டும் என்ற ஏற்பாடு. கட்டடத்தைக் கட்டியவர், அது நூறு ஆண்டு நிற்க என்ன செலவாகும் என்றும் யோசித்து, அதற்கு நிலத்தையும் எழுதி வைத்திருக்கிறார். நீங்கள் 38 லட்சத்தைப் பற்றி ஏழு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று வேலி இன்று யார் கையில் இருக்கிறது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. இருபது ஏக்கர் நஞ்சை அது. என் பதிலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

கட்டடம் யாருடையது?

உங்கள் பங்காளியும் ஊராட்சி உறுப்பினரும், இருவருமே தவறாகச் சொல்கிறார்கள் என்று சாசனத்தின் அந்த நான்கு வரிகளை வைத்துக்கொண்டு என்னால் ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். பொதுமக்களின் பயன்பாட்டுக்கென்று முழுமையாக விடப்பட்ட சொத்து, விட்டவருடைய குடும்பத்துக்குத் திரும்பி வருவதில்லை. வாரிசுகள் அதன் பரம்பரை அறங்காவலர்களாக இருக்கலாமே தவிர, பங்கு போட்டுக்கொள்ளும் உரிமையாளர்களாக இருக்க முடியாது. பட்டா குடும்பத்தின் பெயரில் இருந்தாலும் இந்த நிலை மாறாது. பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவு, அது மட்டுமே உரிமையை நிலைநாட்டாது.

சத்திரம் என்றாலே சர்க்கார் சொத்து என்ற பேச்சுக்கு உங்கள் மாவட்டத்துப் பக்கத்தில் ஒரு காரணம் உண்டு. ஒரத்தநாடு முக்தாம்பாள் சத்திரம், நீடாமங்கலம் யமுனாம்பாள் சத்திரம் போன்றவை தஞ்சை மராத்திய அரசர்கள் ஏற்படுத்தியவை. அவை ஆங்கிலேயர் காலத்தில் அரசின் நிர்வாகத்துக்குள் வந்தன. அந்த வழக்கத்தைப் பார்த்தவர்கள் தனியார் தர்மச் சத்திரங்களையும் அதே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். இருந்தாலும், உங்கள் சத்திரம் நிற்கும் புல எண்ணுக்கு, வருவாய்த் துறையின் கிராம நிலப் பதிவேடான ‘அ’ பதிவேட்டில் என்ன வகைப்பாடு எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்காமல் இதை முடிவாகச் சொல்லக் கூடாது. கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டின் நகல், புல வரைபடம், அடங்கல் (பயிர்க் கணக்கு) ஆகியவற்றையும், சார்பதிவாளர் அலுவலகத்தில் சாசனத்தின் சான்றிட்ட நகலையும் வில்லங்கச் சான்றையும் எடுங்கள். மூன்று வேலி நிலத்துக்கும் இதே ஆவணங்கள் வேண்டும். அதில் குத்தகைதாரர்கள் பயிர் செய்துகொண்டிருந்தால் அவர்களை வெளியேற்றும் எண்ணத்தோடு போகாதீர்கள். சட்டம் அவர்களைப் பாதுகாக்கிறது, அது நியாயமும்கூட. பொது அறக்கட்டளைகளின் விவசாய நிலங்களுக்கென்று 1961-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்திருக்கிறது. முறையான குத்தகை வருமானத்தை நிர்ணயிக்கவும் வசூலிக்கவும் வழி இருக்கிறது. அந்த வருமானம் ஆண்டுதோறும் சத்திரத்துக்கு வருமானால், நீங்கள் எவரிடமும் கையேந்தாத ஒரு பகுதி உங்களுக்குக் கிடைத்துவிடுகிறது.

அறநிலையத் துறையைப் பற்றிய அச்சத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அன்னதானம் ஒரு கோயிலின் தைப்பூச விழாவோடு பிணைக்கப்பட்டிருந்தால், அந்தப் பகுதியை 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையங்கள் சட்டத்தின்படி ஒரு கட்டளையாக, அதாவது கோயிலின் குறிப்பிட்ட சேவைக்கென்று விடப்பட்ட அறமாகக் கருத இடமுண்டு. யாத்ரீகர் தங்கும் கட்டடம் அதனாலேயே சமயச் சொத்தாகிவிடாது. சந்தேகம் எழுந்தால், அதே சட்டத்தின் 63-ஆவது பிரிவின் கீழ்த் துறையின் இணை ஆணையரிடமே மனுச் செய்து தீர்மானம் பெறலாம்.

பங்காளியைப் பொறுத்தவரை, அவரும் உங்களைப் போலவே அறங்காவலர் ஆகலாம் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். உரிமை பறிபோகிறது என்ற எண்ணத்தில் எதிர்ப்பவர்கள், பொறுப்பில் பெயர் இருக்கிறது என்று தெரிந்ததும் இணங்கி வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படியும் அவர் கையெழுத்திட மறுத்து நிர்வாகமே முடங்கினால், பொது அறக்கட்டளையில் அக்கறையுள்ள இருவர் நீதிமன்ற அனுமதியோடு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆவது பிரிவில் வழக்குத் தொடுத்து, நிர்வாகத்துக்கு ஒரு திட்டம் வகுத்துத் தருமாறு கேட்கலாம். அது நீண்ட வழி. முதலில் பேசிப் பாருங்கள்.

உங்கள் கணக்கில் இருக்கும் 3,40,000 ரூபாய்

நீங்கள் அதிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நான் நம்புகிறேன். ஆனால் வங்கியும் வரித்துறையும் பார்ப்பது கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதை. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் மொத்தமாக 50,000 ரூபாய்க்கு மேல் ஒருவர் கைக்கு வந்தால், அந்த முழுத் தொகையும் அவருடைய வருமானமாகக் கருதப்படலாம். இது எனக்காக வந்த பணமல்ல, ஒரு பொதுக் காரியத்துக்காக நான் பொறுப்பில் வைத்திருக்கும் பணம் என்று நீங்கள் சொல்வது சரியான பதில்தான். ஆனால் அந்தப் பதிலுக்குத் தாள் வேண்டும்.

ஆகவே இந்த வாரமே வேண்டுகோளை நிறுத்திவிடுங்கள். இதுவரை தந்தவர்களின் பெயர், தொகை, தேதி ஆகியவற்றைப் பட்டியலிட்டு, ‘இந்தத் தொகையைச் சத்திரத்தின் சீரமைப்புக்காகவே தந்தேன், உரிய அமைப்பு பதிவானதும் அதற்கு மாற்றச் சம்மதிக்கிறேன்’ என்று ஒவ்வொருவரிடமும் எழுத்தில் வாங்குங்கள். விரும்பாதவர்களுக்குத் திருப்பிக் கொடுங்கள். அதுவரை இந்தப் பணத்தை உங்கள் ஓய்வூதியம் வரும் கணக்கில் கலந்து வைக்காமல், ஊரில் நம்பிக்கைக்குரிய இன்னொருவரோடு கூட்டாகத் தொடங்கும் தனிக் கணக்கில் வையுங்கள். நாணயமான ஆசிரியர் ஒருவர் தன் பெயரில் வாங்கிய பணத்துக்கு, அவர் இறந்த பிறகு மகனிடம் ஊரார் கணக்குக் கேட்டு, மகனால் பதில் சொல்ல முடியாமல் போன ஒரு வழக்கை நான் நடத்தியிருக்கிறேன். உங்கள் மகளுக்கு அந்த நிலை வரக் கூடாது.

அறக்கட்டளை பதிவு செய்த உடனே தந்தவர்களுக்கு வரிச் சலுகை கிடைத்துவிடும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பதிவு ஒன்று, வருமான வரித்துறையின் அங்கீகாரம் வேறொன்று. 80ஜி என்று நாம் பழகியிருக்கும் அந்த அங்கீகாரம் கிடைத்த பிறகு வரும் நன்கொடைக்குத்தான் சலுகை. ஏற்கெனவே வந்த தொகைக்கு அந்த ரசீதைத் தர முடியாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தாலும் கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தக் கழிவே இல்லை. எனவே சலுகையைக் காட்டிப் பணம் கேட்க வேண்டாம். சத்திரத்தைக் காட்டிக் கேளுங்கள்.

அறக்கட்டளையா, சங்கமா?

உங்களுக்கு ஓர் அறக்கட்டளை ஏற்கெனவே இருக்கிறது. 1894-இல் உங்கள் கொள்ளுத் தாத்தா ஏற்படுத்தியதுதான் அது. கட்டடமும் நிலமும் அதற்குரியவை. பணம் திரட்டிச் சீரமைத்து நடத்துவதற்கு மட்டும் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யுங்கள் என்பது என் ஆலோசனை. குறைந்தது ஏழு பேர் வேண்டும். ஆண்டுப் பொதுக்குழு கூட்ட வேண்டும். தணிக்கை செய்த கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். இந்த வேலைகள் சுமைதான். ஆனால் ஒரே குடும்பத்தின் பெயரில் இருக்கும் அறக்கட்டளைக்கு ஊரார் முதல் ஆண்டு பணம் தருவார்கள், மூன்றாம் ஆண்டு சந்தேகம் தருவார்கள். பழைய அறக்கட்டளைக்கும் புதிய சங்கத்துக்கும் இடையே எழுத்து மூலமான ஏற்பாடு இருக்கட்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையாக அதை அமைத்தால் பதிவு செய்தே ஆக வேண்டும். அறச் சொத்தை நீண்ட காலக் குத்தகைக்கு விடுவதற்கு முன் அனுமதி தேவையா என்பதையும் உங்கள் வழக்கறிஞர் பார்த்துவிடட்டும்.

சங்கத்தின் உறுப்பினர்கள் விஷயத்தில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன். கணக்குச் சுவடி ஒன்றில் ‘உள் சமையல்’, ‘வெளிச் சமையல்’ என்று இரண்டு பற்று எழுதப்பட்டிருப்பதைக் கண்டு மனம் சங்கடப்பட்டதாகவும், அந்தப் பக்கத்தைக் காட்சிக்கு வைக்காமல் விட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். விட்டுவிடாதீர்கள். சத்திரத்தின் திண்ணைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய நினைவில் இந்தக் கட்டடம் வேறு மாதிரி இருக்கும். அந்தத் தெருவிலிருந்தும் செயற்குழுவில் ஆட்கள் இருக்க வேண்டும், பார்வையாளர்களாக அழைக்கப்படுகிறவர்களாக மட்டும் இருக்கக் கூடாது. நீங்கள் பதிவு செய்ய விரும்பும் நடவுப் பாட்டுகள் பெரும்பாலும் அவர்கள் வீட்டுப் பெண்களுடையவை என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

சிங்கப்பூர்த் தோழரின் பதினைந்து லட்சம்

உங்கள் கடிதத்தில் ஆபத்து அதிகம் உள்ள பகுதி இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். “அவன் நம் ஊர்ப் பிள்ளை, அவன் பணம் எப்படி வெளிநாட்டுப் பணம் ஆகும்?” என்று கேட்கிறீர்கள். 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்த ஊரைப் பார்ப்பதில்லை, கடவுச்சீட்டைப் பார்க்கிறது. இந்தியக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் வேலை செய்பவர், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையே. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை அவரிடம் இருந்தாலும் அப்படித்தான். உங்கள் வாட்ஸ்அப் குழுவில் மலேசியாவிலும் பிரான்சிலும் இருப்பவர்களும் உண்டு என்கிறீர்கள். யார் யாரிடம் எந்தக் கடவுச்சீட்டு இருக்கிறது என்பதைக் கேட்டறிந்த பிறகே அவர்களிடம் பணம் வாங்க வேண்டும். ஏற்கெனவே வெளிநாட்டுக் குடிமக்கள் எவராவது அனுப்பியிருந்தால், அந்தத் தொகையைத் தொடாமல் ஒதுக்கி வைத்துவிட்டு உடனே ஒரு பட்டயக் கணக்காளரைப் பாருங்கள்.

பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் இப்படிப் பணம் பெறுவது ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். இந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற, அமைப்பு மூன்று ஆண்டுகள் செயல்பட்டிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் தன் நோக்கத்துக்காகக் குறைந்தது பதினைந்து லட்சம் செலவிட்டிருக்கவும் வேண்டும். உங்கள் சங்கத்துக்கு அது உடனே பொருந்தாது. ஆனால் முன் அனுமதி என்று ஒரு வழி இருக்கிறது. குறிப்பிட்ட ஒருவரிடமிருந்து, குறிப்பிட்ட தொகையை, குறிப்பிட்ட பணிக்காகப் பெறுவதற்கு உள்துறை அமைச்சகத்திடம் விண்ணப்பிக்கலாம். தோழர் தொகையையும் நோக்கத்தையும் குறிப்பிட்டு உறுதிக் கடிதம் தர வேண்டும். பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் அதற்கென்று கணக்குத் தொடங்க வேண்டும். நிர்வாகச் செலவு இருபது சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வந்த பணத்தை வேறோர் அமைப்புக்கு மாற்றவும் கூடாது. பண்பாட்டுப் பணிகளை அந்தச் சட்டம் ஏற்கிறது என்பதால் உங்கள் நோக்கத்தில் தடை இல்லை.

தோழர் ஊரில் உள்ள தன் தம்பிக்கு அனுப்புவது, தம்பி அதை எடுத்து உங்களிடம் தருவது என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நெருங்கிய உறவினருக்கு அனுப்பும் பணத்துக்கு விலக்கு உண்டு என்பது உண்மை. அந்த விலக்கு குடும்பத் தேவைக்கு வரும் பணத்தை மனத்தில் கொண்டது. முன்கூட்டியே பேசிவைத்து ஒரு சங்கத்துக்குப் பணம் கடத்த அதைப் பயன்படுத்தினால், சட்டத்தை ஏமாற்றிய செயலாகவே பார்க்கப்படும். நல்ல எண்ணத்தோடு வரும் தோழரையும் ஒன்றும் அறியாத தம்பியையும் அந்த இடத்தில் நிறுத்தாதீர்கள். அனுமதி வரும்வரை தோழர் காத்திருக்கட்டும். சீரமைப்பும் ஒரே ஆண்டில் முடியப்போவதில்லை.

நிறுவனப் பணமும் அரசுப் பணமும்

2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடங்களைச் சீரமைப்பதும் பொது நூலகம் அமைப்பதும் இருக்கின்றன. ஆக, உங்கள் பணிக்குத் தகுதி உண்டு. ஆனால் உங்கள் சங்கத்துக்கு இப்போது இல்லை; பணத்தை வாங்கிச் செயல்படுத்தும் அமைப்புக்கு வருமான வரிப் பதிவுகள், சிஎஸ்ஆர் பதிவு எண், மூன்று ஆண்டு அனுபவம் ஆகியவை வேண்டும். ஏற்கெனவே இவற்றைப் பெற்றுள்ள ஓர் அமைப்பு பணியை ஏற்று நடத்த, நீங்கள் உள்ளூர்ப் பங்காளராக இருக்கலாம். உறவினர் மகனின் வாய்ச்சொல்லை நம்பி எவருக்கும் முன்பணம் தந்துவிடாதீர்கள். அந்த நிறுவனத்தின் இயக்குநர் குழு தீர்மானிக்க வேண்டிய விஷயம் அது.

‘நமக்கு நாமே’ திட்டத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மக்கள் பங்காகக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு செலுத்தினால் மீதியை அரசு தரும் அந்தத் திட்டம் பொதுச் சொத்துகளுக்கானது. அறக்கட்டளைக் கட்டடத்துக்கு அதைக் கேட்பதைவிட, ஊராட்சிக்குரிய குளத்துக்கும் அதன் படித்துறைக்கும் கேட்பது சரியாக இருக்கும். சத்திரமும் குளமும் சேர்ந்தே கட்டப்பட்டவை. கரை உறுதியானால் சத்திரத்தின் பின்சுவரில் ஏறும் ஈரமும் குறையும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதற்கு ஒரு தீர்மானம் வாங்குங்கள். அந்தத் தீர்மானத்தின் நகல் பிறகு எந்த நன்கொடையாளரிடம் போனாலும் உங்களுக்குத் துணை நிற்கும்.

மதிப்பீட்டைத் திருப்பிக் கொடுங்கள்

நான் பொறியாளர் அல்ல. ஆனால் பழைய கட்டடங்கள் சம்பந்தமான வழக்குகளுக்காக நிபுணர்களோடு பல சுவர்களுக்கு அருகே நின்றிருக்கிறேன். உங்கள் ஆறாவது படத்தில், பத்து ஆண்டுக்கு முன் சிமென்ட் பூசிய பகுதியின் ஓரத்தில் செங்கல் வெண்மையாகப் பூத்து, முகம் உதிர்ந்து, உள்ளே குழிவிழுந்திருக்கிறது. அதற்கு ஒரு முழம் தள்ளி, யாரும் தொடாத பழைய காரைப் பூச்சு வெடிப்பில்லாமல் நிற்கிறது. கடற்கரை ஊர்களில் சுவருக்குள் ஏறும் ஈரத்தோடு உப்பும் ஏறுகிறது. சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் அடைத்துக்கொள்ளும். அடைபட்ட உப்பு செங்கல்லுக்குள்ளேயே பூத்து, அதை மாவாக உதிர்க்கிறது. 38 லட்சத்தில் பெரும்பகுதி சிமென்ட் பூச்சுக்கும் கான்கிரீட் தளத்துக்கும் பளபளக்கும் டைல்ஸுக்கும் போகிறது. அதைச் செய்தால், நன்கொடையாளர்கள் பார்க்க விரும்பும் சத்திரமே அங்கே இருக்காது.

கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் டெல்டாவிலும் செட்டிநாட்டிலும் இன்னும் இருக்கிறார்கள். பிற்காலக் கட்டுமானங்களை அகற்றிப் பழைய முறையில் சீரமைத்ததற்காகத் திருவரங்கம் கோயில் 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதைப் பெற்றது. அந்தக் கைகள் நம் கைகள்தான். மரபுச் சின்னங்களைப் பாதுகாக்க 1984-இல் தொடங்கப்பட்ட இன்டாக் அமைப்பின் தமிழ்நாட்டுக் கிளைகளில் மரபுக் கட்டடக்கலைஞர்களின் ஆலோசனை கிடைக்கும். புதிய மதிப்பீட்டை மூன்று பாகமாகக் கேளுங்கள்: இடியாமல் தாங்குவதற்கான வேலை, தளமும் சுவரும், கடைசியாகக் காட்சிக்கும் பயன்பாட்டுக்குமான வேலை. நான்காவதாக ஒன்றை நீங்களே சேர்க்க வேண்டும். சீரமைப்பு முடிந்த பிறகு காவலுக்கும் மின்சாரத்துக்கும் ஆண்டு மராமத்துக்கும் ஆகும் செலவு. வரும் நன்கொடையில் ஒரு பகுதியை இதற்கான மூலநிதியாக வைக்க, தருகிறவரிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

காசுகள், ஏடுகள், பாட்டுகள்

மண்ணில் புதைந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டத்துக்கு உட்பட்டது; கண்டெடுத்தவர் கூடிய விரைவில் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். காசுகளும் விளக்கும் உங்கள் பீரோவில் நான்கு மாதமாக இருக்கின்றன. கிடைத்த இடம், ஆழம், நாள், உடனிருந்தவர்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, படங்களோடு, தாமதத்துக்கான காரணத்தையும் நேர்மையாக எழுதி இந்த வாரமே கொடுங்கள். தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டாம். மறைத்து வைத்தது வெளியே தெரிந்தால், உங்களுக்குரிய பங்கும் போய், தண்டனையும் வரும்.

தொல்லியல் துறைக்குத் தெரிந்தால் கட்டடத்தை எடுத்துக்கொள்ளும் என்ற அச்சம் தேவையில்லை. ஒரு கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்க மத்தியச் சட்டப்படி இரண்டு மாத அறிவிப்பு தர வேண்டும், ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். அறிவித்த பிறகும் உரிமை தானாக மாறிவிடாது. நீங்கள் பார்க்க வேண்டியது வேறொன்று. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில் ஏதாவது 300 மீட்டருக்குள் இருந்தால், பழுதுபார்ப்புக்கே அனுமதி தேவைப்படும்.

எழுபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட சுவடிகள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் வரையறைக்குள் வரக்கூடியவை; வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாதவை. ஆனால் அவற்றை எங்கும் ஒப்படைத்தாக வேண்டும் என்பதில்லை. தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தையோ தமிழ் இணையக் கல்விக்கழகத்தையோ அணுகி மின்படியாக்கம் பற்றிக் கேளுங்கள். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், 1650 முதல் 1950 வரையிலான தமிழக வேளாண் வரலாற்றுக்காக வீடுகளில் இருந்த ஏடுகளையும் பத்திரங்களையும் பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியோடு படியெடுத்தது. உங்கள் கணக்குச் சுவடிகள் அந்த இனத்தைச் சேர்ந்தவையே. காட்சிக்கு வைக்கும் முன், கடன் விவரமும் நிலத் தகராறும் உள்ள பக்கங்களை ஒருமுறை படித்துவிடுங்கள். இன்று வாழும் குடும்பங்களைச் சங்கடப்படுத்தக் கூடியவற்றை அவர்களிடம் கேட்டுவிட்டு வையுங்கள்.

பாட்டுப் பாடும் பெண்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். எழுதத் தெரியாதவர்களிடம் ஒலிப்பதிவின் தொடக்கத்திலேயே கேட்டுப் பதிவு செய்யலாம். பாடியவருக்குத் தன் நிகழ்ச்சியின் மேல் ஐம்பது ஆண்டு உரிமை சட்டத்தில் இருக்கிறது. பெயரைச் சொல்லலாமா, இணையத்தில் ஏற்றலாமா, யாராவது பணம் கொடுத்துக் கேட்டால் அவருக்கு என்ன பங்கு என்ற மூன்றையும் முன்னரே பேசி முடியுங்கள். கருவிகளும் ஒளிப்படங்களும் தருகிறவர்களிடம் அது நன்கொடையா, இரவலா என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

இவை எல்லாம் நடக்க ஓர் ஆண்டாவது ஆகும். ஐப்பசி மழை அதற்கு முன்பே வந்துவிடும். இடியாமல் காப்பது அறங்காவலர்களின் கடமை, அதற்கு எவர் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. தென்மேற்கு மூலையில் உத்தரங்களுக்குச் சவுக்குக் கழிகளால் முட்டுக் கொடுத்து, தளத்தின் மேல் நீர் தேங்காமல் சரிவாகத் தார்ப்பாய் போட்டுவிடுங்கள்; குழந்தைகள் நுழையாதபடி அந்தப் பக்கத்தை அடைத்துவிடுங்கள். மூன்றாவது படத்தில் கைப்பிடிச் சுவரில் முளைத்திருக்கும் அரசங்கன்றை இழுத்துப் பிடுங்க வேண்டாம். வேர் செங்கல்லையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும். தண்டை அடியோடு அறுத்துவிட்டு, வேருக்கு என்ன மருந்து வைப்பது என்பதைச் சீரமைப்பு தெரிந்தவரிடம் கேளுங்கள். சாசனத்தின் முழு நகலும் ‘அ’ பதிவேட்டு நகலும் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள். 63-ஆவது பிரிவு மனு வேண்டுமா வேண்டாமா என்பதை அவற்றைப் படித்த பிறகுதான் சொல்வேன்.